ஆவுடையின் வழித்தாள்

கோமதிநாயகம் எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் நிரப்பிவிடுவார் என்று சங்கரன்கோவிலில் ஒரு பேச்சு உண்டு. பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி, எட்டுக்கு ஆறில் ஓர் அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் ஆவண எழுத்தர் உரிமம். முப்பது வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்து அவர் எழுதிய கிரயமோ உயிலோ கோர்ட்டில் ஒன்றுகூடத் தோற்றதில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், இல்லாததையா சொல்லிக்கொள்கிறார்!

வழித்தாள் சட்டம் வந்த வருஷம் அவர் அறை வாசலில் கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லோரும் அந்தத் தாளைக் கொடுத்தாக வேண்டும். கையால் எழுதியிருக்க வேண்டும். சொந்தமாக எழுத முடியாதவர்கள் உரிமம் பெற்ற எழுத்தரிடம் போகலாம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. எழுதத் தெரிந்தவர்களும் அவரிடம்தான் வந்தார்கள். தாளில் இருந்த கேள்வி அப்படி.

ஆட்டுத் தரகர் தங்கப்பாண்டி மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னவே இது? மூளைக்குப் போற ரத்தக்கட்டிய திருப்பி விடுதாங்களாமே. திருப்பி விடுதவன் வெளிய தள்ளி விட வேண்டியதுதான?"

"வெளிய வர வழி கிடையாது அண்ணாச்சி," என்றார் கோமதிநாயகம். இதை அவர் அன்றைக்கு மட்டும் இருபதாவது தடவையாகச் சொன்னார். "கழுத்துலேருந்து மேல போற ரோடு ஒண்ணு. மேல போயி பிரியும். கட்டி கரையுற சாதின்னா மருந்து போட்டுக் கரைச்சிருவான், கம்பி விட்டு எடுத்துருவான். சிலது கல்லு மாதிரி. தொட்டா நொறுங்கி நாலா பக்கமும் பாயும். அதுக்குத்தான் இந்தக் காந்த வளையம். இரும்புத்தூள ஊசில ஏத்தி, கட்டியில ஒட்ட வச்சு, வெளிய இருந்து இழுத்து எந்தச் சந்துல விடணுமோ அதுல விட்டுருவாங்க. பெரிய ரோட்ட அடைச்சா ஆளு காலி. சந்த அடைச்சா அந்தச் சந்துக்கு மட்டுந்தான் சேதம்."

"எந்தச் சந்துல என்ன இருக்கு?"

"முன்வழியில விட்டா காலு போவும். கூடவே ஒரு சுணக்கம் வரும், எதுலயும் ஆசையில்லாம உக்காந்திருப்பிய. நடுவழில ரெண்டு கிளை. மேல்கிளையில பேச்சும் வலது கையும் போவும். அடுத்தவன் சொல்லுறது எல்லாம் புரியும், வாயில வராது. கீழ்கிளையில விட்டா வாய் மடமடன்னு பேசும், ஆனா ஒரு அர்த்தமும் இருக்காது. அடுத்தவன் சொல்லுறதும் புரியாது. பின்வழியில விட்டா பார்வையில ஒரு பாதி போவும், வாசிப்பு போவும். எத முதல்ல விட்டுக்குடுப்பிய, எத அடுத்து, வரிசையாச் சொல்லணும்."

தங்கப்பாண்டி தனக்குக் காலைச் சொன்னார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "இவளுக்குப் பேச்ச எழுதிருமே. வீடாவது அமைதியா இருக்கும்."

கோமதிநாயகம் சிரித்தார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மாள்கூடப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு சிரித்தாள். தாளில் அப்படியே ஏறியது. ஊரில் முக்கால்வாசி ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்களுக்கு இதைத்தான் சொன்னார்கள் என்பதை அவர் பிற்பாடுதான் யோசித்துப் பார்த்தார்.

தன் தாளை நிரப்ப அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. காலா, பார்வையா, கையா என்று பாயில் புரண்டு, கடைசியில் காலை முதலில் போட்டார். மனைவி ஆவுடையின் தாளை ஒரு டீ வருவதற்குள் முடித்துவிட்டார். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் பிளவுஸ் தைக்கிறவள். கை வேண்டும். வாடிக்கைக்காரர்களிடம் பேச வாய் வேண்டும். மிஷினை மிதிக்கக் கால் வேண்டும். வாசிப்பு? செய்தித்தாளை அவள் பிரித்து அவர் பார்த்ததே இல்லை. முதல் இடத்தில் பின்வழி. காரணம் என்ற கட்டத்தில், "வாசிக்கும் பழக்கம் இல்லை" என்று எழுதினார்.

வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவள் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

"ஆஸ்பத்திரி காயிதம். இந்த இடத்துல கையெழுத்துப் போடு."

விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போட்டாள். 'ஆவுடைச்செல்வி' என்று முழுப்பெயரும் எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்து, தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, காலை பத்து மணி வாக்கில் அவள் கையிலிருந்து கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தாள், வலது கை வரவில்லை. "அந்த... அந்த..." என்றாள். அதற்கு மேல் வார்த்தை இல்லை. தீபாவளிக்கு முந்தின பன்னிரண்டு நாள் என்றால் எந்தத் தையல்காரிக்கும் அது போர்க்காலம். கட்டில் மேல் வெட்டின துணியும் வெட்டாத துணியுமாக நாற்பது பேருடைய பிளவுஸ் கிடந்தது. கோமதிநாயகம் அவற்றைத் தள்ளிவிட்டு அவளைப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

திருநெல்வேலி போகும் வழியில் அவளுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. கையும் அசைந்தது. அவர் கொஞ்சம் நிதானத்துக்கு வந்தார்.

"பொன்மலர் டீச்சர் இன்னைக்கு வாறேன்னாக. கொக்கி மட்டுந்தான் பாக்கி. கட்டில் மேலயே கெடக்கு."

"பேசாத. சும்மா வா."

"இல்லங்க, எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான இருக்கேன்."

"பேசாதங்கேன்ல."

அவள் பேசாமல் வந்தாள். நாற்பது நிமிஷம். புத்தி தெளிவாக, வாய் நன்றாக, அவர் மேல் கண்ணை வைத்துக்கொண்டு வந்தாள். அவளிடம் எதையும் கேட்டுவிட நாற்பது நிமிஷம் தாராளம்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்குள் போனதும் மறுபடி வலது பக்கம் தொய்ந்தது. மயக்க மருந்து கொடுத்துத் தலையை வளையத்துக்குள் வைத்தார்கள். டாக்டர் ரிஹானா வெளியே வந்து அவரை ஒரு திரைக்கு முன்னால் நிறுத்தினார். கிளை கிளையாக ஒரு வெள்ளை மரம். அடிமரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி.

"கட்டி இடது கழுத்துக் குழாய்ல ஆடிக்கிட்டிருக்கு சார். கரையாத வகை. எந்த நிமிஷமும் கிளம்பும். தானா கிளம்பினா நேரா நடுவழிக்குத்தான் போகும், அடியிலேயே அடைச்சிடும். பேச்சு, புரிஞ்சுக்கிறது, வலது கை, கால் எல்லாம் மொத்தமா போயிடும். உயிருக்கும் உத்தரவாதம் இல்ல."

"திருப்பினா?"

"அவங்க தாள்ல பின்வழி முதல்ல இருக்கு. எல்லாருக்கும் அது முடியாது. பின்வழி சாதாரணமா பிடரிப் பக்கம் ஏறுற வேற குழாய்லேருந்து வரும். நூத்துல பத்துப் பதினஞ்சு பேருக்கு மட்டும் பிறவியிலேயே இந்தக் குழாய்லேருந்து பிரியும். இவங்க அதுல ஒருத்தங்க. அதனால தாள்ல இருக்கிறபடியே செய்ய முடியும். நீங்க உறுதிப்படுத்தணும்."

"தாளில் கண்டபடியே செய்யுங்க," என்றார் கோமதிநாயகம். பத்திரத்தில் எழுதும் தமிழ் தன் வாயில் தானாக வந்தது அவருக்கே விசித்திரமாக இருந்தது. கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலை வைத்தார்.

திரையில் கறுப்புப் புள்ளி மெல்ல ஏறியது. கிளை பிரிகிற கவையில் ஒரு கணம் நின்றது. பிறகு பின்பக்கமாக வளைந்து, ஒரு கிளைக்குள் போய் அமர்ந்தது. அந்தக் கிளையும் அதன் சின்னச் சின்னக் கொப்புகளும் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. வலியில்லை, ரத்தமில்லை, ஒரு சத்தம்கூட இல்லை.

மறுநாள் அவள் நன்றாகப் பேசினாள். கையை மடக்கி நீட்டினாள். வலது பக்கம் நிற்கிறவர்கள் மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. நர்ஸ் அந்தப் பக்கமிருந்து ஊசி போட வந்தபோது திடுக்கிட்டாள். கோமதிநாயகம் இடது பக்கமாகப் போய் நின்றதும் முகம் மலர்ந்தது. அவருக்குச் சாமி கும்பிட வேண்டும் போலிருந்தது. கை பிழைத்தது, வாய் பிழைத்தது, ஆள் பிழைத்தாள்!

மேசையில் கிடந்த செய்தித்தாளை எடுத்து அவள் புரட்டினாள்.

"என்னங்க, மலையாளப் பேப்பர வாங்கிட்டு வந்திருக்கிய?"

"தமிழ்தான் ஆவுடை."

"இதுவா?" அவள் தாளைக் கிட்டே கொண்டுபோய், தள்ளிப் பிடித்து, தலையைத் திருப்பிப் பார்த்தாள். "தென்காசி பஸ்ஸ்டாண்டுல நிக்கிற கேரளா பஸ் போர்டு மாதிரில்லா இருக்கு."

டாக்டர் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து வீட்டு முகவரியை எழுதச் சொன்னார். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் தப்பில்லாமல் குண்டு குண்டாக எழுதினாள். "இப்ப நீங்க எழுதினதை வாசிங்க," என்றார் டாக்டர். ஆவுடை தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு எழுதுனது இது?" என்று கேட்டாள்.

"எழுதுற இடம் மூளைல வேற, அது நல்லா இருக்கு," என்று டாக்டர் ரிஹானா அவரிடம் வராந்தாவில் சொன்னார். "கண்ணுல படற எழுத்து, எழுத்தை அறியற இடத்துக்குப் போய்ச் சேரலை. வழி அடைபட்டுப் போச்சு. நல்ல முடிவுதான் சார். மத்த வழிகளோட ஒப்பிட்டா இது ரொம்ப நல்ல முடிவு."

வீட்டுக்கு அனுப்பும் அன்று சட்டப்படி அவள் கையில் ஒரு சான்று கொடுத்தார்கள். மேலே ஆஸ்பத்திரி முத்திரை, மூலையில் அவள் புகைப்படம், பின்னால் அவருடைய கையெழுத்திலேயே அந்த வழித்தாளின் நகல். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினாள்.

"என்ன போட்டிருக்கு? வாசிங்க."

கோமதிநாயகம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மேற்படி நோயாளியின் உயிருக்கு ஆபத்து நேரிட்டபடியால், வேறு மார்க்கம் இல்லாத நிலையில், மருத்துவர் குழுவினர் தங்கள் அறிவுக்கு எட்டியவாறு முடிவெடுத்து..." என்று தட்டுத் தடங்கல் இல்லாமல் வாசித்தார். இல்லாத வரிகளை இருக்கிற மாதிரி வாசிப்பது முப்பது வருஷ எழுத்தருக்கு ஒரு பெரிய காரியமா? நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தேதியோடு முடித்தார்.

"டாக்டரம்மாவா முடிவெடுத்தாக?"

"ஆமா."

"பாவம், அவுகளும் என்ன செய்வாக," என்றாள் ஆவுடை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அவள் மிஷினைத் திறந்தாள். டேப்பில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு நூல் முடிச்சுப் போட்டு, எண்களைக் கண்ணால் பார்க்காமல் விரலால் எண்ணிக்கொள்ளப் பழகினாள். அவருக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அலமாரியிலிருந்து எட்டு நோட்டுகளை எடுத்து வைத்தாள். நீளவாக்கில் கிழிந்த அட்டை, எண்ணெய்க் கறை, உள்ளே பக்கத்துக்கு ஒரு பெண். முப்பது வருஷமாக இந்த ஊரில் அவளிடம் தைத்த அத்தனை பேருடைய அளவும் அதில் இருந்தது. அவள் கைவிரல் ஒரு பக்கத்தின் மேல் போய் நின்றுகொண்டே இருந்தது.

"பொன்மலர் டீச்சர் பக்கம் எதுன்னு பாத்துச் சொல்லுங்க."

அவர் தேடி எடுத்தார். "பி.க. ஏழரை, மு.இ. ஆறேகால். இது என்னது?"

"பின்கழுத்து, முன் இறக்கம். மேல வாசிங்க."

அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். அந்த நோட்டுகளைத் தினமும் பத்துத் தடவையாவது அவள் புரட்டியிருப்பாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முப்பது வருஷம்! அவர் வீட்டிலேயே, அவர் கண்ணெதிரிலேயே. 'வாசிக்கும் பழக்கம் இல்லை' என்று எழுதிய கையைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் பொன்மலர் டீச்சர் வந்து அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையிலிருந்து அவர் உதவியாகப் பழைய அளவைச் சத்தமாக வாசித்தார். "மார்பு முப்பத்தெட்டு, போன வருஷம் முப்பத்தாறு..."

டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். "சார் வாசிக்கணுமோ இதெல்லாம்?" என்றார். கோபம்கூட இல்லை, கூசிப்போயிருந்தார். துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். யாரும் சண்டை போடவில்லை. "அக்காவுக்கு உடம்பு சரியாவட்டும்," என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஓசூரில் இருக்கும் மகள் ஒரு பேசும் கண்ணாடி வாங்கி அனுப்பினாள். அது அச்சடித்ததை மட்டும் ஒழுங்காக வாசித்தது. 'பி.க.' என்பதை ஒரு நாள் ஒரு மாதிரி சொன்னது. எண்களை மட்டும் செய்தி வாசிக்கிறவள் மாதிரி தெருவுக்கே கேட்க வாசித்தது. ஆவுடை அதைப் பெட்டியில் போட்டு மூடினாள்.

நோட்டில் சில பக்கங்களில் மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது.

"இது என்ன வட்டம்?"

அவள் நோட்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். "எந்தப் பக்கம் இது?"

அவர் பெயரைச் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண் ஏதோ ஆபரேஷனுக்கு மதுரை போய் வந்தாள் என்று அவருக்குத் தெரியும். பிளவுஸில் ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைக்க வேண்டியிருக்கும் என்பது இப்போது புரிந்தது. தெரிந்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

"நீங்க இனிமே வாசிக்க வேண்டாம்ங்க," என்றாள் ஆவுடை. "இதெல்லாம் எங்கிட்ட சொன்னது. உங்ககிட்ட சொன்னது இல்ல." எட்டு நோட்டையும் துணியில் கட்டி அலமாரிக்குள் வைத்துவிட்டாள்.

புதன்கிழமைதோறும் எஸ்தர் ராணி என்று ஒரு பயிற்சியாளர் ஆஸ்பத்திரியிலிருந்து வருவார். மார்கழியில் அவர் புது வித்தை ஒன்றைக் கொண்டுவந்தார். "அக்கா, கண்ணுக்குத்தான் எழுத்து தெரியல. கைக்குத் தெரியும்ல? எழுத்து மேலயே விரலால எழுதிப் பாருங்க. கை என்ன எழுதுதுன்னு கவனிங்க."

ஆவுடை 'அ' வின் மேல் விரலை ஓட்டினாள். இரண்டு தடவை, மூன்று தடவை. "அ," என்றாள். பிறகு அழுதாள். எஸ்தரும் அழுதார். கோமதிநாயகமும் அழுதார்; ஆனால் அவர் அழுகையில் பாதி வேறு. இவள் வாசிக்கப் போகிறாள் என்ற சந்தோஷமும், இவள் வாசித்துவிடுவாள் என்ற பயமும் ஒன்றாக வந்தன.

அன்றைக்கே அந்தச் சான்றைக் கிழித்துவிட நினைத்தார். கையில் எடுத்தார். முத்திரை வைத்த ஆவணத்தைக் கிழிக்க அவருக்குக் கை வரவில்லை. பீரோவில் பழைய பத்திரக் கட்டுகளுக்கு அடியில் செருகி வைத்தார். அதற்குப் பிறகு அவர் கடையிலிருந்து வந்ததும் முதல் வேலை, அவள் முகத்தைப் பார்ப்பதுதான். சாப்பாட்டில் உப்புக் கூடினால் தெரிந்துவிட்டதோ என்று இருக்கும். அவள் சும்மா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாலும் தெரிந்துவிட்டதோ என்று இருக்கும். வழித்தாள் எழுத வருகிற ஆண்கள் அதே நகைச்சுவையைச் சொன்னார்கள். அவருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை, எழுதிக் கொடுத்தார்.

ஆவணியில் ஆவுடைக்குப் புது வழித்தாள் வந்தது. ஒரு தடவை கட்டியைத் திருப்பிக்கொண்டவர்கள் வருஷத்துக்குள் மறுதாள் கொடுக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார். காரணம் என்ற கட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு மேலே ஓடவில்லை. ஆவுடை வலது பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு, மகளுடைய பிளவுஸுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆவுடை, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"ஆஸ்பத்திரில அந்தச் சான்ற வாசிச்சேன்லா, அது பொய். அதுல அப்படி இல்ல. டாக்டரம்மா முடிவெடுக்கல. நாந்தான். உன் தாள்ல நாந்தான் எழுதுனேன், வாசிப்பு போவட்டும்னு. வாசிக்கும் பழக்கம் இல்லைன்னு காரணம் எழுதுனேன்."

"தெரியும்," என்றாள் ஆவுடை.

ஊசி நிற்கவில்லை. அவருக்குத் தான் கேட்டது சரிதானா என்றே தோன்றியது.

"எப்படித் தெரியும்?"

"வைகாசியிலயே பாத்துட்டேன். சேலை எடுக்கப் போனேன், உங்க பத்திரத்துக்கு அடியில என் போட்டோ தெரிஞ்சுது. இது ஏன் இங்க கெடக்குன்னு எடுத்தேன். அந்தப் பேசுற கண்ணாடிக்கு உங்க கையெழுத்து ஓடல. விரலாலதான் வாசிச்சேன். நீங்க கடைக்குப் போனப்பறம் தெனம் ஒரு வரி."

"வைகாசியா? மூணு மாசமா... ஏன் ஆவுடை ஒரு வார்த்தை கேக்கல? ரெண்டு அடி அடிச்சிருக்கலாமே. வாசிக்கும் பழக்கம் இல்லைன்னு எழுதுனத வாசிச்சப்ப உனக்கு எப்படி இருந்திருக்கும்!"

"அதுக்கென்ன, சிரிப்பு வந்துச்சு. நோட்டப் புரட்டுறத நானுந்தான் வாசிப்புன்னு நெனச்சதில்ல." கொக்கியை இழுத்துப் பார்த்து முடிச்சுப் போட்டாள். "கடைசில ஒரு கட்டம் இருக்கே, அதான் உறுத்துச்சு."

அவருக்கு நினைவில்லை. எந்தக் கட்டம்? முன்னால் இருந்த புதுத் தாளைக் குனிந்து பார்த்தார். அவள் அதைப் பார்க்காமலே, வரிவிடாமல் சொன்னாள்.

"'மேற்கண்ட விருப்பங்கள் யாவும் உரியவரிடம் கேட்டறிந்து எழுதப்பட்டனவா?' இந்த வரிக்கு மட்டும் எட்டு நாள் ஆச்சு. நீளம்லா. பக்கத்துல 'ஆம்'னு இருந்துச்சு. ரெண்டே எழுத்து. அத வாசிச்சப்பம் எனக்கு நம்பிக்கை வரல. மூளை கெட்டுப்போன பொம்பள, தப்பா வாசிக்கேன்னு நெனச்சேன். திரும்பத் திரும்ப அது மேல எழுதி எழுதிப் பாத்தேன். எஸ்தர்கிட்ட வேற தாள்ல எழுதிக் காட்டி இது என்ன எழுத்துன்னு கேட்டேன். ஆம்னுதான் சொல்லிச்சு."

கோமதிநாயகம் புதுத் தாளில் அந்தக் கட்டத்தைத் தேடிப் பார்த்தார். வழித்தாள் கட்டு வந்ததும், ஆள் வருவதற்கு முன்பே, ஐம்பது தாளிலும் அந்தக் கட்டத்தை மட்டும் வரிசையாக நிரப்பி வைத்துவிடுவது அவர் வழக்கம். கிரயப் பத்திரத்தின் அடியில் 'வாசித்துக் காட்டப்பட்டு, அறிந்து ஒப்புக்கொண்டார்' என்று முப்பது வருஷமாக எழுதுகிற கைதானே அது. ஒருவருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. ஒருவரும் கேட்டதும் இல்லை. எத்தனை தாளில் எழுதியிருப்பார்? ஆம், ஆம், ஆம் என்று, இந்த ஊரில் எத்தனை பெண்களுக்கு? தங்கப்பாண்டியின் மனைவி பையைக் கை மாற்றிக்கொண்டு நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது.

"நீங்களாச் சொல்லுவியன்னு இருந்தேன்," என்றாள் ஆவுடை. "இன்னைக்குச் சொல்லிட்டிய. ஆனா அதச் சொல்லல. அது உங்களுக்கு ஞாபகத்துலயே இல்ல, இல்லியா?"

"இல்ல," என்றார். பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

அவள் அடுத்த கொக்கியை எடுத்தாள். தெருவில் ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவர் கேட்டார்.

"அன்னைக்கு நான் கேட்டிருந்தா, நீ எதச் சொல்லிருப்ப?"

ஊசி அப்போதுதான் நின்றது. அவள் தலையை முழுக்கத் திருப்பி, அவர் முகம் முழுதும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இதையேதான் சொல்லிருப்பேன்," என்றாள். "கை வேணும்லா எனக்கு. வாசிப்பு போவட்டும்னு நானே சொல்லிருப்பேன், ஒரு வார்த்தை கேட்டிருந்தா."

கோமதிநாயகம் தாளின் மேல் குனிந்துகொண்டார். அவள் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவர் தாங்கியிருப்பார்.